கோழிமூக்குன்னா என்னம்மா?

தம்பி,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ அப்படியே நம்பிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால் அதை இங்கே எழுதவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மாத்திரையை மறக்காமல் போடுகிறேன். கையில் கட்டுப் பிரித்தாகிவிட்டது. இதெல்லாம் போனிலேயே உனக்குத் தெரியும். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்து நடுவில் மூச்சு வாங்கினால் போதும், நீ "சரிம்மா, வேற?" என்கிறாய். அந்த "வேற?" வந்ததும் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகிறது. தாளுக்கு அந்த அவசரம் கிடையாது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். பஸ்ஸில் போகும்போது பார்க்காமல், வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகப் படி.

இந்த ஆனையூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சாமான்களை ஏறக்கட்டிவிட்டு, கோடை முடிவதற்குள் நான் ஜெர்மனிக்கு உன்னோடு வந்து இருந்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறாய். நீயாக முடிவு செய்தாய் என்று சொன்னால் கோபம் வரும் உனக்கு. "உன்ட்ட கேட்டேன்லம்மா, பாப்போம்னு சொன்னீல்ல" என்பாய். சொன்னேன்தான். ஆனால் நம் வீட்டில் 'பாப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? உன் அப்பா உயிரோடு இருந்தவரை, "லீவுக்குக் கொடைக்கானல் போவமாப்பா?" என்று நீ கேட்டு அவர் "பாப்போம்" என்று சொன்ன அன்றைக்கே, எடுத்து வைத்த ஸ்வெட்டரைத் திரும்ப பீரோவில் வைத்துவிடுவாய். நானும் அதே அர்த்தத்தில்தான் சொன்னேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வீட்டுப் புரோக்கருக்குப் போன் போட்டுவிட்டாய். மாடி அறையில் இருக்கும், சின்ன வயதில் நீ விளையாடிய பிளாஸ்டிக் அடுக்குக் கட்டைப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போகவும் ஆள் பிடித்துவிட்டாய். புரோக்கர் விஷயத்தில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வீடு பார்க்க வந்த புருஷன் பெண்டாட்டியிடம், சித்திரை பிறந்துவிட்டால் போர் தண்ணீர் கலங்கலாக வரும், கூட்ஸ் வண்டி போகும்போது ஜன்னல் கதவெல்லாம் ஆடும் என்று வாய்க்கு வந்ததை எடுத்துவிட்டேன். கூட்ஸ் வண்டி மட்டும்தான் அதில் உண்மை. காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான், அதற்குப் பிறகு புரோக்கரும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நான் விழுந்ததில் நீ பயந்துபோய்விட்டாய் என்று எனக்குத் தெரியும். மழை பெய்து மாடிப்படி பாசி பிடித்துக் கிடந்தது, துணியை எடுக்க ஓடினேன், கடைசிப் படியில் வழுக்கிவிட்டது. எதிர்வீட்டுக்காரர்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்ட பிறகுதான் உனக்குச் சொன்னேன். நீ ஆபீஸில் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுததாக நிவேதா ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள். அவளைத் திட்டாதே, நல்ல பெண், மாமியாரிடம் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று இன்னும் கணக்குப் போடத் தெரியாத பெண். நீ அழுதாய் என்று கேட்டதும் எனக்கு வருத்தமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அம்மாக்கள் இப்படித்தான் கொஞ்சம் கெட்டவர்களாக இருப்போம்.

கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் மடங்க மறுத்தன. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். டிவியைப் பார்த்துக்கொண்டு பந்தை அமுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. எப்படியும் நீ கொடுக்கச் சொன்ன பெட்டிகள் இருக்கின்றனவே, தரம் பிரித்தாவது வைப்போம் என்று மெதுவாக மாடிக்குப் போனேன். நீ போன பிறகு அந்த அறையைக் கூட்டுவதோடு சரி, பெட்டி எதையும் திறந்ததில்லை. முதல் பெட்டியைத் தரையில் கொட்டினேன். அந்தச் சத்தம் உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டில் வேறு ஒரு சத்தமும் இல்லாதபோது அது ரொம்பப் பெரிதாகக் கேட்கிறது. ஒன்றோடொன்று வருஷக்கணக்கில் பிடித்துக்கொண்டு கிடந்த கட்டைகளைப் பிரிக்கப் பிரிக்க விரலில் உயிர் வந்தது. ரப்பர் பந்து இப்போது எதிர்வீட்டு நாயிடம் இருக்கிறது.

நம் வீட்டுக்கு முதன்முதலில் வந்த பெட்டி சிங்கப்பூரிலிருந்து உன் மாமா கொண்டுவந்தது. அதில் இருந்த படத்தைப் பார்த்து ஒரு தீயணைப்பு வண்டி கட்டினாய். ஒருநாள்கூட அது முழுதாக நிற்கவில்லை. பிரித்துப் போட்டுவிட்டு, நம் தெருவுக்கு வரும் மாநகராட்சித் தண்ணீர் லாரியைக் கட்ட உட்கார்ந்துவிட்டாய். "படத்துல இருக்குறது ஒன்னுகூட நம்ம ஊருல ஓடாதும்மா" என்பது உன் புகார். அதற்குப் பிறகு வீட்டுக்கு எந்தப் பெட்டி வந்தாலும் அதிலிருந்த படத்தாளை நான் மளிகை அலமாரியில் விரித்துவிடுவேன். லைட் கம்பத்தில் ஏறும் ஈபி ஏணி வண்டி, பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் குப்பை வண்டி, ரோடு ரோலர் என்று நம்மைச் சுற்றி வேலை பார்க்கிற வண்டிகளாகப் பார்த்துப் பார்த்துக் கட்டினாய். காரோ விமானமோ நீ கட்டி நான் பார்த்ததே இல்லை. வேலை பார்க்காத வண்டிமேல் உனக்கு மரியாதையே கிடையாது.

நான் தல்லாகுளம் ஆபீஸிலிருந்து பஸ் பிடித்து வந்து, முகம் கழுவி, டீயை வைத்துக்கொண்டு உன் எதிரில் தரையில் உட்காருவேன். எனக்குக் கட்ட வராது. ஆனால் தேடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆபீஸில் பழைய ஃபைல் கட்டுகளைத் துழாவியே பழகின கண். நீ கட்டுவாய், நான் தேடி எடுத்துக்கொடுப்பேன், அதுதான் நமக்குள் ஒப்பந்தம். எடுத்துக்கொடுக்க வேண்டுமென்றால் நீ கேட்க வேண்டும், கேட்க வேண்டுமென்றால் பெயர் வேண்டும். அப்படித்தான் பெயர்கள் வந்தன. கட்டையின் மேல் இருக்கும் குமிழுக்குப் பொட்டு என்று பெயர். எட்டுப்பொட்டு, நாலுபொட்டு என்று கட்டைகளுக்கு அதையே வைத்துப் பெயர். தட்டையாக இருப்பது அப்பளம். சுற்றும் சக்கரத்தட்டு தட்டாமாலை. கீழ்ப்பக்கம் சரிவாக, முன்னால் மேலே துருத்திக்கொண்டு இருக்குமே, அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது கோழிமூக்கு" என்றாய். அந்தப் பெயரை வைத்தவன் நீதான் தம்பி, நானில்லை. நான் அதை எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருந்தவள்.

காளவாசலில் உன் அத்தை வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது நீ கொண்டுபோன பரிசு நினைவிருக்கிறதா? எல்லோரும் குத்துவிளக்கும் சுவர்க் கடிகாரமுமாகக் கொண்டுவந்திருந்தார்கள். நீ ஒரு வாரம் ராப்பகலாகக் கட்டிய லாரியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினாய். அத்தை மூக்குத்தி மின்ன வாங்கிப் பார்த்தாள்.

"அழகா இருக்கே! தண்ணி லாரியாடா மருமகனே?"

"இல்லத்த, செப்டிக் டேங்க் லாரி. இந்தா பாருங்க, இந்தக் குழாய உள்ள விட்டா அம்புட்டையும் உறிஞ்சிரும்."

ஐயர்கூட மந்திரத்தை நிறுத்திவிட்டார் என்று உன் அப்பா பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "அடேய், பால் காய்ச்சுற வீட்டுக்கு இதையாடா கொண்டாருவ?" என்று கேட்டாலும் அத்தை அதைத் தூக்கிப் போடவில்லை. இன்றைக்கும் அவள் ஷோகேசில் இருக்கிறது, குழாய் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கும். அந்த வாரம் நீ கட்டியதிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது, அதனால் அதைக் கொடுத்தாய். வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உனக்குத் தோன்றவே இல்லை. கல்யாணமாகி உங்களுக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை என்பதால் சொல்கிறேன், நிவேதாவுக்கும் அப்படியே கொடு. கடையில் பூங்கொத்து வாங்கிக் கொடுக்கிற நாளில் அதையும் கொடு, ஆனால் உன்னிடம் இருப்பதில் எது நல்லதோ அதைக் கொடுக்க மறந்துவிடாதே. அது கொஞ்சம் நாறினாலும் பரவாயில்லை.

பெட்டிகளைப் பிரித்துக்கொண்டே வந்தபோது பழைய துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம் அகப்பட்டது. அவிழ்த்தால் உன் டவர் வண்டி. கூடல் நகர் ஸ்டேஷனில், ரயிலுக்கு மேலே போகும் கரண்டுக் கம்பியைப் பழுது பார்க்க ஒரு மஞ்சள் வண்டி வந்து நிற்குமே, கூரைமேல் மேடை வைத்து, ஆட்கள் அதில் ஏறி நின்று வேலை பார்ப்பார்களே, அது. எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் அப்படி ஒன்று கிடையாது என்று அதைக் கட்ட ஆரம்பித்தாய். அடிச்சட்டமும் சக்கரமும் டிரைவர் அறையும் முடிந்திருந்தன. மேடை மட்டும் பாக்கி. அதற்குள் விசா வந்துவிட்டது, நீ போய்விட்டாய். துண்டில் சுற்றி வைத்தது நீயா நானா என்று எனக்கு நினைவில்லை. கொடுப்பதுதான் கொடுக்கிறோம், பாதி வண்டியாக ஏன் கொடுக்க வேண்டும், முடித்துவிட்டே கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். கட்ட வராதவள் முதன்முதலாகக் கட்ட உட்கார்ந்தேன்.

மேடை வண்டியைவிட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதைத் தாங்க அடியில் கோழிமூக்கு வேண்டும், அது எனக்கே விளங்கிவிட்டது. நீ ஒரு பக்கம் மட்டும் வைத்திருந்தாய். மறுபக்கம் வைக்க நினைத்தாயா, அல்லது வேண்டுமென்றே விட்டாயா என்று தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் அதைத்தான் முதலில் கேட்டேன்.

"தம்பி, டவர் வண்டில மேடைக்கு அடியில கோழிமூக்கு ரெண்டு பக்கமும் வைக்கணுமா, ஒரு பக்கம் போதுமா?"

"என்னதும்மா?"

"கோழிமூக்குடா."

"கோழிமூக்குன்னா என்னம்மா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். பக்கத்தில் இருந்த நிவேதாவிடம், "அம்மா என்னமோ கோழி வாங்கப் போறாங்களாம்" என்றும் சொன்னாய். நான் "ஒன்னுமில்ல, கட்டைதான், நானே பாத்துக்கிறேன்" என்றேன். நீ நல்ல பிள்ளைதான், விடவில்லை, "போட்டோ எடுத்து அனுப்பும்மா" என்றாய். அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஓர் ஆங்கிலப் பெயரும் ஒரு நம்பரும் வந்தன. எந்த ஊரில் இருப்பவரும் அந்த நம்பரை வைத்து அந்தக் கட்டையைத் தேடிப் பிடித்துவிடலாமாம். சரியான பதில்தான். நான் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஒரு கோழிக்காகவா அழுகிறோம் என்று எனக்கே சிரிப்பு வந்தது, ஆனாலும் அழுகை நிற்கவில்லை. அந்தச் சொல் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான் இருந்தோம். இப்போது நான் ஒருத்தி.

உன்மேல் கோபம் இல்லை. அதைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். பெயர் எதற்கு வேண்டும்? ஒருவர் கேட்க, இன்னொருவர் எடுத்துக்கொடுக்க. நீ அங்கே போன பிறகு எதையாவது கட்டியிருந்தாலும் தனியாகத்தான் கட்டியிருப்பாய். தனியாகக் கட்டுகிறவனுக்குக் கைதான் எடுக்கும், வாய்க்கு வேலை இல்லை. கேட்காத சொல் மறந்துதான் போகும். நான் மட்டும் ஏன் மறக்கவில்லை என்றால், எனக்கு நடுவில் வேறு சொற்கள் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். நீ ஒரு புது பாஷையையே கற்றுக்கொண்டாய், அதில் வேலை பார்க்கிறாய், அதில் சண்டை போடுகிறாய். எனக்கு எதிர்வீட்டு நாயின் பெயர்தான் புதிதாகச் சேர்ந்த சொல்.

பிறகு நீ ஏற்பாடு செய்த ஆள் வந்தார். ஜாஹிர் பாய், விளக்குத்தூண் பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயது இருக்கும். கட்டைப் பைத்தியங்கள் சேர்ந்து நடத்தும் ஏதோ வாட்ஸ்அப் குழுவில் உனக்குப் பழக்கமாமே. டிவிஎஸ் வண்டியில் இரண்டு காலிச் சாக்கோடு வந்து இறங்கினார். அந்தச் சாக்கைப் பார்க்காதவள்போல வாங்க என்று சொல்லி மாடிக்குக் கூட்டிப்போனேன். தரையில் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையை விட்டுத் துழாவினார். துழாவுகிற விதத்திலேயே தெரிந்துவிட்டது, ஆள் நம் ஜாதி.

"அட, கவுத்த சமோசா! இம்புட்டு வச்சிருக்கீங்களேக்கா!"

"என்ன சொன்னீங்க பாய்?"

கையை நீட்டினார். உள்ளங்கையில் கோழிமூக்கு.

"இதான்க்கா. நேரா வச்சா சமோசா, தலகீழா வச்சா கவுத்த சமோசா. எங்க வீட்டம்மா வச்ச பேரு. நான் கட்டுவேன், அவ எடுத்துக் குடுப்பா. பேரில்லாம எப்படிக் கேக்குறது?"

எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் அதைக் கோழிமூக்கு என்போம் என்றேன். அவர் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் திருப்பினார். "யா அல்லா, ஆமாக்கா! கோழியேதான்!" என்றார். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கேட்டார். நம் அப்பளம் அவர்கள் வீட்டில் ரொட்டி. நம் தட்டாமாலை அவர்களுக்கு ராட்டினம். பொட்டு மட்டும் அங்கேயும் பொட்டுதானாம். அதைக் கேட்டு ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று தெரியவில்லை. டீ ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் இதையே பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய போனில் அவர் கட்டிய தீயணைப்பு வண்டிகளைக் காட்டினார். ஒரு வண்டியில் சிவப்புக்கு நடுவில் ஒரு வரிசை காபிப் பொடி நிறத்தில் ஓடியது. டிசைனா பாய் என்று கேட்டேன்.

"டிசைனெல்லாம் இல்லக்கா. அவளுக்குக் கண்ணுல புரை. ஆபரேஷனுக்கு பயந்துக்கிட்டுத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கா. செகப்பு கேட்டா சில நேரம் இதை எடுத்துத் தருவா. நான் ஒன்னும் சொல்றதில்ல. அவ எடுத்துக் குடுத்தா அதான் செகப்பு."

இதை உனக்கு அப்படியே எழுதிவிட வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். இதற்குமேல் விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, நீ நிவேதாவுக்குப் படித்துக் காட்டு.

அப்புறம் அவர் கேட்டார், "உங்களுக்கு யாருக்கா எடுத்துக் குடுக்குறது?" யாரும் இல்லை பாய், நானே தேடி நானே கட்டுகிறேன் என்றேன். சும்மா சொல்வதுபோல்தான் சொன்னேன், குரல் சும்மா வரவில்லை. அவர் குனிந்து சாக்கில் போடுவதற்காகக் கட்டைகளை அள்ளத் தொடங்கினார். அள்ளியவர் நடுவில் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார். பிறகு இன்னொன்று. என்ன என்று பார்த்தேன். அப்பளத்தோடு அப்பளம் ஒட்டிக்கொண்டால் நீ பல்லால் கடித்துப் பிரிப்பாயே, எவ்வளவு திட்டியும் கேட்கமாட்டாயே, அந்தப் பல் பட்ட கட்டைகள். ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குழி. அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். குவியல் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் சாக்கை உதறி மடித்துவிட்டார்.

"நல்லா யோசிச்சுக்கங்கக்கா. எனக்கு அவசரமில்ல. நீங்க சொல்லும்போது வாரேன்."

அவர் வண்டி தெரு முனை திரும்பியதும் வீடு பழையபடி ஆகிவிட்டது. யாராவது வந்து பேசிவிட்டுப் போனால்தான் வீடு எவ்வளவு காலியாக இருக்கிறது என்று தெரிகிறது. அதற்குப் பயந்தே நான் சில நாள் எதிர்வீட்டுக்குக்கூடப் போவதில்லை.

டவர் வண்டியை முடித்துவிட்டேன். இரண்டு பக்கமும் கோழிமூக்கு வைத்தேன். மஞ்சள் போதவில்லை, ஆனால் மேற்கு ஜன்னல் ஓரம் இருந்த பெட்டியில் வெள்ளைக் கட்டைகள் நம் ஊர் வெயிலில் பழுத்து மஞ்சளாகியிருந்தன, அவற்றைப் போட்டேன். கிட்டத்தில் பார்த்தால்தான் தெரியும். பெட்டியில் இருந்த தண்டவாளத்தை வட்டமாகப் போட்டு, பக்கத்தில் கட்டையிலேயே ஒரு சின்ன ஸ்டேஷனும் வைத்து, ஓடவிட்டேன். நேர்ப்பாதையில் ஜம்மென்று போனது. வளைவில் திரும்பும்போது மேடை போய் ஸ்டேஷன் கூரையில் இடித்து, கூரை விழுந்தது. "கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடியே வளைவுல விட்டுப் பாக்கணும்மா" என்று நீ நூறு தரம் சொல்லியிருக்கிறாய். பார்க்கத் தோன்றவில்லை. வண்டியைப் பிரித்து அகலத்தைக் குறைக்க எனக்கு மனசு வரவில்லை. ஸ்டேஷன் கூரையைக் குறைத்துவிட்டேன். பயணிகள் வெயிலில் நிற்கட்டும், மதுரைக்காரர்களுக்கு அது புதிதா என்ன?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் அங்கே இருக்க வரமாட்டேன் தம்பி. பாப்போம் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்று எழுதுகிறேன். விசா கிடைத்தால் ஒரு மாதம் வந்து இருக்கிறேன், உனக்குச் சமைத்துப் போடுகிறேன், பனியைப் பார்க்கிறேன், திரும்பி வந்துவிடுவேன். மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டாகிவிட்டது. பாசியைச் சுரண்ட ஆள் சொல்லியிருக்கிறேன். எதிர்வீட்டில் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். பெட்டிகளையும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஜாஹிர் பாயிடம் சொல்லிவிட்டேன். அவர், "அப்ப ஒருநா வீட்டம்மாவக் கூட்டிட்டு வாரேன்க்கா, ரெண்டு பேரும் சேந்து தேடுங்க" என்றார். வந்தால் பார்க்கலாம். நான் இதை நிஜமான அர்த்தத்தில்தான் சொல்கிறேன்.

எனக்குத் தனிமையாக இருக்கிறது. இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை, இப்போது சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு பஸ்கள் போகும் நேரத்தில்தான் ரொம்ப. ஆனால் அங்கே வந்தால் அது போய்விடும் என்று நீ நினைக்கிறாய், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் போய்விடுவீர்கள். பெயர் தெரியாத சாமான்களுக்கு நடுவில், ஸ்விட்ச் எது என்று தெரியாத அடுப்புக்கு முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் நீ வந்து கதவைத் திறக்கும்போது, உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும் என்னைப் பார்ப்பாய். இங்கே நான் தனியாக இருக்கிறேன். அங்கே வந்தால், தனியாக இருக்கும் என்னைத் தினமும் நீ பார்க்க வேண்டியிருக்கும். அது உனக்கு வேண்டாம் சாமி.

அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன். வாராவாரம் கூப்பிடுகிறாய், என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கிறாய், எனக்கும் அதே தவிப்புதான். யோசித்துப் பார்த்தால் நாம் இரண்டு பேரும் எப்போதுமே அதிகம் பேசியவர்கள் இல்லை. சாயங்காலம் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்திருப்போம், நீ ஏதாவது கட்டை கேட்பாய், நான் கொடுப்பேன், மற்றபடி கை துழாவும் சத்தம்தான். அது நமக்குப் போதுமானதாக இருந்தது. ஆகவே இனிமேல் கூப்பிட்டால் என்னிடம் பேசியே ஆக வேண்டும் என்று மெனக்கெடாதே. போனை எதிலாவது சாய்த்து வைத்துவிட்டு உன் வேலையைப் பார். வெங்காயம் நறுக்கு, துணி மடி, லேப்டாப்பைத் தட்டு. நிவேதாவோடு சண்டை இருந்தால் அதையும் போடு, நான் காதில் வாங்கிக்கொள்ள மாட்டேன். இந்தப் பக்கம் நான் தரையில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நடுவில் ஏதாவது கேட்கத் தோன்றினால் கேள், தோன்றாவிட்டால் விடு. பேச ஒன்றும் இல்லை என்பதற்காக மட்டும் கட் பண்ணிவிடாதே.

அம்மா